ஆண்ட்ராய்டு கருவியில் புளூடூத் ஸ்டாக்கை மாற்றினேன்: பாட்டு விட்டு விட்டு வருகிறது, ஃபோன் காலில் சத்தமே இல்லை

வெற்றுப்பலகை (கேள்வி)

கருவி ஒரு கையடக்க டெர்மினல். ஆர்ம் 64 பிட் போர்டு, ஆண்ட்ராய்டு 13 யூசர்டீபக் பில்டு, கெர்னல் 5.15. வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்த பிராட்காம் வகை காம்போ சிப். புளூடூத் பக்கம் யூஆர்ட் (சீரியல் போர்ட்) வழியாக, ஆன்டெனா இரண்டுக்கும் ஒன்றே. ஆண்ட்ராய்டோடு வரும் ஸ்டாக்கை (புளூடூத் நெறிமுறைகளை ஓட்டும் மென்பொருள்) எடுத்துவிட்டு அந்த இடத்தில் லினக்ஸின் புளூடூத் ஸ்டாக்கான புளூஸியின் டீமனை (பின்னணியில் ஓடும் நிரல்) வைக்க வேண்டும்.

செட்டிங்ஸில் புளூடூத்தை அணைத்துவிட்டு, பிடிஅட்டாச் (சீரியல் போர்ட்டைக் கெர்னலின் புளூடூத்தோடு இணைக்கும் நிரல்) மூலம் 30,00,000 பாடில் (விநாடிக்கு இத்தனை பிட்) இணைத்தால் ஹெச்சிஐ0 (கெர்னல் காட்டும் புளூடூத் இடைமுகம்) எழுகிறது. சில பூட்டில் எழுவதே இல்லை. கெர்னல் லாகில் 'கமாண்ட் டைம்அவுட்' வரிசையாக விழுகிறது. எழுந்தாலும் எல்லா யூனிட்டிலும் ஒரே புளூடூத் முகவரி. ஹெட்செட் பேரிங் ஆகிறது, ஆனால் பாட்டு விட்டு விட்டுத்தான் வருகிறது. கால் வந்தால் ஹெட்செட்டில் எடுக்க முடிகிறது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மௌனம்.

கேட்பது இரண்டு. இவற்றில் எது ஸ்டாக்கின் குற்றம், எது அதற்குக் கீழே இருப்பதன் குற்றம் என்று எப்படிப் பிரிப்பது? கருவியைத் தொடாமலே ஸ்டாக்கை மட்டும் தனியாகச் சோதிக்க வழி உண்டா?

---

யூஆர்ட்வாசி

முதலில் ஸ்டாக்கை எந்த இடத்தில் வெட்டுகிறீர்கள் என்பது தெளிவாக வேண்டும். ஆண்ட்ராய்டு 4.2-ல் புளூஸி போய் புளூட்ராய்டு வந்தபோது, ஃபிரேம்வொர்க்குக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு ஹெச்ஏஎல் (வன்பொருளோடு பேசும் இடை அடுக்கு) லைப்ரரி இருந்தது. அதை மட்டும் மாற்றி, பின்னால் புளூஸியை உட்கார வைக்க முடிந்தது. ஆப்களுக்கு எதுவும் தெரியாது. 8.0-ல் ட்ரெபிள் (வெண்டர் கோடை ஆண்ட்ராய்டிலிருந்து பிரித்த மாற்றம்) வந்ததும் வெண்டர் எல்லை ஹெச்சிஐ (ஸ்டாக்கும் சிப்பும் பேசும் இடைமுகம்) மட்டத்துக்கு இறங்கிவிட்டது. 13-ல் ஸ்டாக் மொத்தமும் ஏபெக்ஸ் என்ற, தனியாகப் புதுப்பிக்கக்கூடிய ஒரு தொகுப்புக்குள் இருக்கிறது. ஆகவே நீங்கள் ஹெச்சிஐ-யில் வெட்டினால், ஆப்கள் கூப்பிடும் ஆண்ட்ராய்டின் புளூடூத் ஏபிஐ எதுவும் ஓடாது. உங்கள் ஆப் மட்டும் டி-பஸ் என்ற செய்திப் பாதை வழியாகப் புளூஸியோடு பேசப் போகிறது என்றால் பிரச்சினை இல்லை. மற்ற ஆப்களுக்கும் புளூடூத் வேண்டும் என்றால் ஏபெக்ஸையே உங்கள் லைப்ரரியோடு திரும்பக் கட்ட வேண்டும். அது பல மடங்கு வேலை. இப்போதே தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

அடுத்தது, யூஆர்ட் யார் கையில் இருக்கிறது? செட்டிங்ஸில் அணைப்பது போதாது. இருப்பிட அமைப்புகளில் 'புளூடூத் ஸ்கேனிங்' ஆனில் இருந்தால், அணைத்த பிறகும் ஆண்ட்ராய்டு ஸ்டாக் எல்இ (குறைந்த மின்சக்திப் புளூடூத்) ஸ்கேனுக்காகச் சிப்பை உயிரோடு வைத்திருக்கும். வெண்டரின் ஹெச்ஏஎல் சேவை அதே சீரியல் போர்ட்டைத் திறந்திருந்தால் ஒரே கம்பியில் இரண்டு பேர் பேசுகிறார்கள் என்று அர்த்தம். 'சில பூட்டில் மட்டும்' என்ற அறிகுறிக்கு எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். புளூடூத் ஆப்பை டிசேபிள் செய்யுங்கள், இனிட் ஃபைலில் ஹெச்ஏஎல் சேவையையும் நிறுத்துங்கள், பிறகு அந்த டிடிஒய்-யை (சீரியல் போர்ட்டின் ஃபைல்) எந்த ப்ராசஸ் திறந்து வைத்திருக்கிறது என்று எல்எஸ்ஓஎஃப் போட்டுப் பாருங்கள். பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

இனி வேகம். கெர்னலின் பிராட்காம் யூஆர்ட் டிரைவர் 1,15,200-ல் ஆரம்பித்து, வேறு எதுவும் சொல்லாவிட்டால் 40,00,000-க்கு ஏறப் பார்க்கும். பிடிஅட்டாச்சில் நீங்கள் கொடுத்த 30 லட்சம் அதைக் கட்டுப்படுத்தும் என்று நம்ப வேண்டாம். உங்கள் யூஆர்ட்டின் மூலக் கடிகாரம் 48 மெகாஹெர்ட்ஸ் என்றால், 16 மடங்கு ஓவர்சாம்பிளிங்கில் உச்சம் 30 லட்சம்; 24 மெகாஹெர்ட்ஸ் என்றால் 15 லட்சம். சிப் 40 லட்சத்துக்குப் போய்விட, போர்டு போக முடியாமல் நின்றால், அடுத்த கமாண்டுக்குப் பதிலே வராது. கெர்னல் ஒரு கமாண்டுக்கு 2 விநாடி காத்திருந்து டைம்அவுட் எழுதும். பிடிஅட்டாச்சை விட்டுவிடுங்கள். டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் ஃபைல்) யூஆர்ட் நோடுக்கு உள்ளே புளூடூத் நோடு எழுதி, 'மேக்ஸ்-ஸ்பீட்' பண்பில் உங்கள் யூஆர்ட் உண்மையில் எட்டும் வேகத்தைக் கொடுங்கள். ஆர்டிஎஸ், சிடிஎஸ் (ஃப்ளோ கண்ட்ரோல் கம்பிகள்) இரண்டும் பின்மக்ஸில் (எந்தப் பின்னுக்கு எந்த வேலை என்ற அமைப்பு) யூஆர்ட் வேலைக்கு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். 1,15,200-ல் ஃப்ளோ கண்ட்ரோல் இல்லாமலும் வண்டி ஓடும். வேகம் ஏறியதும் பைட் சிந்தும். சிந்தினால் கெர்னல் லாகில் 'ஃபிரேம் ரீஅசெம்ப்ளி ஃபெயில்டு -84' வரும். அந்த வரி ஒன்று இருந்தாலும் ஸ்டாக்கைக் குறை சொல்ல வேண்டாம். கம்பி, கடிகாரம், பின்மக்ஸ், இந்த மூன்றுக்குள்தான் விஷயம்.

ஃபர்ம்வேர் ஏறும் வரிசையையும் மனதில் வையுங்கள், ஏனெனில் பாதி டைம்அவுட் இங்கேதான் பிறக்கிறது. ரீசெட், பிறகு மினிடிரைவர் கமாண்ட், 50 மில்லிவிநாடி இடைவெளி, பிறகு ஹெச்சிடி என்ற ஃபர்ம்வேர் ஃபைலில் உள்ள பதிவுகள் ஒவ்வொன்றாக. ஒவ்வொரு பதிவும் 2 பைட் ஆப்கோடு, 1 பைட் நீளம், அப்புறம் சரக்கு. கடைசிப் பதிவு 'லாஞ்ச் ராம்'. அதன் பிறகு 250 மில்லிவிநாடி விட வேண்டும். முக்கியமானது: லாஞ்ச் ஆனதும் சிப் தானாக 1,15,200-க்குத் திரும்பிவிடும். போர்டும் திரும்பி இறங்கி, மறுபடி ரீசெட் அடித்து, அதன் பிறகே இருவரும் சேர்ந்து ஏற வேண்டும். கெர்னல் டிரைவர் இதைச் சரியாகச் செய்கிறது. சொந்தமாக எழுதும் லோடர்கள்தான் இந்த இறக்கத்தை மறந்துவிடுகின்றன.

ஃபர்ம்வேர் உண்மையிலேயே ஏறியதா என்று முதலில் பாருங்கள். டிரைவர் எழும்போது வெண்டர் பார்ட்டிஷன் இன்னும் மவுண்ட் ஆகாமல் இருந்தாலோ, கெர்னல் தேடும் பாதையில் ஃபைல் இல்லாவிட்டாலோ, லாகில் -2 என்ற பிழையோடு ஒரு வரி வரும். சிப் அதற்காக நின்றுவிடாது. ராமில் உள்ள கோடு... இல்லை, ரோமில் எரித்த பழைய கோடில் ஓடும். ஸ்கேன் ஆகும், பேரிங் ஆகும், எல்லாம் சரி என்று தோன்றும். ஆடியோவும் வைஃபை ஒத்திசைவும் மட்டும் சொதப்பும். கெர்னல் கமாண்ட்லைனில் ஃபர்ம்வேர் பாதையை வெண்டர் டைரக்டரிக்குத் திருப்புங்கள், டிரைவரை மாட்யூலாக வைத்து மவுண்ட் ஆன பிறகு ஏற்றுங்கள்.

---

ஒலிவழி

ஆடியோ பகுதியை நான் சொல்கிறேன். பாட்டும் காலும் ஒரே ஹெட்செட்டுக்குப் போனாலும் இரண்டும் வேறு வேறு பாதை. ஒரே காரணத்தைத் தேடினால் கிடைக்காது.

பாட்டு: எஸ்பிசி (புளூடூத்தின் அடிப்படை ஒலிக் கோடெக்), ஜாயின்ட் ஸ்டீரியோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், பிட்பூல் (தரத்தைத் தீர்மானிக்கும் பிட் ஒதுக்கீடு) 53 என்றால் ஒரு ஃபிரேம் 119 பைட், 128 சாம்பிள், அதாவது சுமார் 2.9 மில்லிவிநாடி. மொத்தம் விநாடிக்கு 328 கிலோபிட். இப்போது யூஆர்ட் ஏதோ காரணத்தால் 1,15,200-லேயே தங்கிவிட்டது என்று வையுங்கள். ஸ்டார்ட், ஸ்டாப் பிட்களைக் கழித்தால் விநாடிக்கு 11,520 பைட், அதாவது 92 கிலோபிட்தான் போகும். பேரிங்குக்கு அது தாராளம், பாட்டுக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் முதல் சோதனை, இப்போது உண்மையில் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று டிடிஒய்-யிடமே கேட்பது.

வேகம் சரி என்றால் பிடிமான் (ஹெச்சிஐ போக்குவரத்தைப் பதிவு செய்யும் நிரல்) டிரேஸ் எடுத்து, ஆடியோ பாக்கெட்டுகளின் நேர முத்திரைகளைப் பாருங்கள். 672 பைட் எம்டியூ-வில் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) தலைப்பு 13 பைட் போக 5 ஃபிரேம் அடங்கும், ஆக 14.5 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட் என்று சீராகப் போக வேண்டும். இங்கே இடைவெளி 40, 50 என்று குதித்தால் என்கோடர் த்ரெட்டுக்கு சிபியூ சரியாகக் கிடைக்கவில்லை. அது ஹோஸ்ட் பக்கம். பாக்கெட் சீராகப் போய், கண்ட்ரோலர் அனுப்பும் 'கம்ப்ளீட்டட் பாக்கெட்ஸ்' ஈவென்ட் மட்டும் தாமதமானால் காற்றில் நெரிசல். வைஃபையை அணைத்தோ 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியோ பாருங்கள். ஆன்டெனா ஒன்றே என்பதால் இதை நான் முதல் சந்தேகமாகவே வைப்பேன். பாட்டு ஓடும்போது பின்னணியில் டிஸ்கவரி ஓடுகிறதா என்றும் கவனியுங்கள். 10.24 விநாடி இன்கொயரி ஒன்று போதும், காற்று நேரத்தைத் தின்றுவிடும்.

கால்: சத்தம் எந்தக் கம்பியில் போக வேண்டும் என்று சிப்புக்கு யாரும் சொல்லவில்லை என்பதே காரணமாக இருக்கும். ஃபோன் போர்டுகளில் குரல் பொதுவாக ஹெச்சிஐ வழியே வராது. சிப்பின் பிசிஎம் (டிஜிட்டல் ஒலி) பின்களிலிருந்து நேரே ஆடியோ கோடெக்குக்குப் போகும். பிராட்காமில் இதற்கு 5 பைட் கொண்ட ஒரு வெண்டர் கமாண்ட் உண்டு. முதல் பைட் 0 என்றால் பிசிஎம், 1 என்றால் ஹெச்சிஐ. மற்றவை பிசிஎம் வேகம், ஃபிரேம் வகை, சிங்க், கடிகாரம் யாருடையது என்பன. டிவைஸ் ட்ரீயிலும் இதே 5 பைட்டை எழுதலாம். ஆண்ட்ராய்டின் பழைய வெண்டர் லைப்ரரி இதை ஓசைப்படாமல் செய்துகொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் அந்த அமைப்பும் சேர்ந்து போய்விட்டது.

முதலில் ஹெச்சிஐ-க்குத் திருப்பிச் சோதியுங்கள். கால் நடக்கும்போது டிரேஸில் இரு திசையிலும் எஸ்சிஓ (குரலுக்கான) பாக்கெட்டுகள் தெரிய வேண்டும். தெரிந்தால் இணைப்பில் குறை இல்லை, பிசிஎம் பக்கமே வேலை பாக்கி. அங்கே கடிகாரத்தை யாராவது ஒருவர் மட்டும் தர வேண்டும். இருவரும் காத்திருந்தால் மௌனம், இருவரும் கொடுத்தால் இரைச்சல். ஆஸிலோஸ்கோப் வைத்து பிசிஎம் கிளாக் பின்னைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். குறுகிய பட்டைக் குரலுக்கு ஃபிரேம் சிங்க் 8 கிலோஹெர்ட்ஸ், எம்எஸ்பிசி-க்கு (அகலப் பட்டைக் குரலுக்கான கோடெக்) 16.

எம்எஸ்பிசி ஹெச்சிஐ வழியே வந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. 7.5 மில்லிவிநாடிக்கு ஒரு முறை 60 பைட்: 2 பைட் தலைப்பு, 57 பைட் ஃபிரேம், 1 பைட் நிரப்பு. தலைப்பில் முதல் பைட் எப்போதும் 01. இரண்டாவது ஹெக்ஸில் 08, 38, சி8, எஃப்8 என்று சுழலும். சுழற்சியில் ஒன்று காணாமல் போனால் பாக்கெட் தொலைந்தது என்று உடனே தெரியும். ஒரு எஸ்சிஓ பாக்கெட்டில் ஒரு ஃபிரேம் என்று எண்ணிக் கோடு எழுதாதீர்கள். 60 பைட் பல துண்டாகவும் வரும். தலைப்பைத் தேடிப் பிடித்துத்தான் ஃபிரேமை வெட்ட வேண்டும்.

---

சோதனைமேசை

உங்க ரெண்டு கேள்விக்கும் வர்றேன். ஸ்டாக்கா சிப்பான்னு பிரிக்கிறதுக்கு நேரான வழி, ரெண்டையும் குறுக்கா மாத்திப் பாக்குறதுதான்.

அதே புளூஸி பதிப்பு, அதே கான்ஃபிக், ஆனா லேப்டாப்ல ஒரு யூஎஸ்பி டாங்கிள் போட்டு அதே ஹெட்செட்டோட ஓட்டுங்க. அங்கயும் பாட்டு தடுமாறினா ஸ்டாக்கை நோண்டலாம். அடுத்து, சிப் அதேதான், மேல ஸ்டாக் வேற. கூகுளோட பம்பிள்னு பைத்தான்ல எழுதின ஸ்டாக் இருக்கு. அதோட ரிமோட் ஹெச்சிஐன்னு ஒரு ஆண்ட்ராய்டு ஆப் வருது. கருவில ரூட் வேணும், எஸ்ஈலினக்ஸை பெர்மிஸிவ்ல வைக்கணும், புளூடூத்தை அணைச்சு ஆஃப் நிலைக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் அந்த ஆப் வெண்டர் ஹெச்ஏஎல்லைத் திறந்து, ஹெச்சிஐ-யை டிசிபி போர்ட் 9993-ல குடுக்கும். ஏடிபி ஃபார்வர்ட் போட்டா லேப்டாப்ல ஓடுற பம்பிள் உங்க கருவியோட ரேடியோவுல பேசும். இந்தச் சோதனைக்கு மட்டும் ஹெச்ஏஎல் சேவை ஓடணும், நிறுத்தி வெச்சிருந்தா திரும்பக் கிளப்புங்க. இதுல பாட்டு சுத்தமா வந்தா, வெண்டர் ஹெச்ஏஎல் ஏதோ செய்யுது, உங்க வழி அதைச் செய்யலைன்னு அர்த்தம். ரெண்டு ஹெச்சிஐ டிரேஸையும் பக்கத்துல வெச்சு, ஆரம்பத்துல போற வெண்டர் கமாண்டுகளை ஒப்பிடுங்க. பெரும்பாலும் விடை அங்கயே கிடைக்கும்.

கருவியே இல்லாம சோதிக்கணும்னா, கெர்னல்ல விஹெச்சிஐ (நிஜ சிப் இல்லாம ஓடுற போலி ஹெச்சிஐ) டிரைவரை ஆன் பண்ணுங்க. புளூஸி சோர்ஸ்லயே மேனேஜ்மென்ட், எல்2கேப், ஆர்எஃப்காம், எஸ்எம்பி, எஸ்சிஓன்னு இந்த அடுக்கு எல்லாத்துக்கும் தனித்தனி டெஸ்டர் இருக்கு. எல்லாம் எமுலேட்டர் கண்ட்ரோலரை எழுப்பி அதோட பேசும். டெஸ்ட்-ரன்னர் வழியா கியூஎம்யூ-க்குள்ள (மெய்நிகர் கம்ப்யூட்டர்) உங்க கெர்னலை பூட் பண்ணி ஓட்டினா சிஐ-லயும் (தானியங்கிச் சோதனை) போட்டுடலாம். இங்க நிறைய ஃபெயில் ஆனா கெர்னல் கான்ஃபிக்கைப் பாருங்க. ஏஇஎஸ், இசிபி, சிமேக், இசிடிஹெச், கூடவே கிரிப்டோ யூசர் ஏபிஐ இதெல்லாம் ஆண்ட்ராய்டு கான்ஃபிக்ல விட்டுப் போயிருக்கும். புளூஸி டீமன் தன் கிரிப்டோவை கெர்னல்கிட்டதான் கேக்குது, அது இல்லைன்னா எல்இ பேரிங் புரியாத பிழையோட விழும். கெர்னல் பழசா இருந்தா இன்னொண்ணு: ஆண்ட்ராய்டு பேரனாய்டு நெட்வொர்க் (குரூப் பாத்து சாக்கெட் தர்ற கெர்னல் தடை) ஆன்ல இருந்தா, குரூப் 3001 இல்லாத ப்ராசஸ் ஹெச்சிஐ சாக்கெட்டே திறக்க முடியாது, 3002 இருந்தா எல்2கேப், ஆர்எஃப்காம், எஸ்சிஓ வரைக்கும்தான்.

எமுலேட்டர்ல எல்லாம் பச்சையா வந்துட்டா நிம்மதி ஆயிடாதீங்க. அது நேரம் தவறாது, பஃபர் நிரம்பாது, பாக்கெட் தொலைக்காது. அதனால நாசவேலைச் சோதனைகளைத் தனியா எழுதணும். நான் கட்டாயம்னு சொல்றது இவை:

ஆடியோ போயிட்டு இருக்கும்போதே இணைப்பைத் துண்டிக்கிறது. அந்த ஹேண்டில்ல (இணைப்பு எண்) அனுப்பி, இன்னும் முடிவு வராத பாக்கெட்டுகளுக்கு கண்ட்ரோலர் இனி கணக்கு சொல்லாது. டிஸ்கனெக்ஷன் ஈவென்ட் வந்ததும் ஹோஸ்ட்தான் அந்த கிரெடிட்டை (சிப் பஃபர்ல இருக்குற இடக் கணக்கு) திரும்ப எடுத்துக்கணும். எடுக்காத ஸ்டாக் பத்துப் பதினஞ்சு துண்டிப்புக்கு அப்புறம் அப்படியே நிக்கும், லாக்ல ஒரு பிழையும் இருக்காது. எல்இ பஃபர் அளவு கேட்டா 0 வர்ற சிப்புல ரெண்டு வகை இணைப்பும் ஒரே குளத்துலதான் குடிக்குது. அதையும் சேத்துச் சோதிங்க.

ஏசிஎல் (சாதாரண டேட்டா பாக்கெட்) துண்டுகள்: தொடக்கத் துண்டே இல்லாம தொடர் துண்டு, எல்2கேப் நீளத்தைவிடப் பெருசான தொடர் துண்டு, பாதியில நின்னு புதுசா ஒரு தொடக்கம். 2020-ல ஆண்ட்ராய்டு ஸ்டாக்ல வெளிவந்த புளூஃபிராக் ஓட்டை இந்தத் துண்டு சேர்க்குற இடத்துலதான். 2017 புளூபோர்ன்ல லினக்ஸ் கெர்னல் பக்கம் அடிவாங்கினது எல்2கேப் கான்ஃபிக் பதில். பம்பிளை எதிர்முனையா வெச்சா இந்தக் கோணல் பாக்கெட்டுகளை கையால கட்டி அனுப்பலாம்.

சாவி நீளம்: 2019 நாப் (என்கிரிப்ஷன் சாவியைக் குட்டையாக்குற) தாக்குதலுக்கு அப்புறம் 7 பைட்டுக்குக் கீழ வந்த சாவியை ஏத்துக்கக் கூடாது. என்கிரிப்ஷன் ஆனதும் ஸ்டாக் 'ரீட் என்கிரிப்ஷன் கீ சைஸ்' கேக்குதா, சின்னதா இருந்தா துண்டிக்குதான்னு டிரேஸ்ல பாருங்க.

கவசப் பெட்டி (ரேடியோ அலை புகாதது): கருவியை உள்ள வெச்சு மூடினா, கிளாசிக் இணைப்புக்கு இயல்பா 20 விநாடியில ஹெக்ஸ் 08 காரணத்தோட துண்டிப்பு வரணும், திறந்ததும் தானா திரும்பச் சேரணும். மூடாம பட்டன் அமுக்கி அணைச்ச ஹெட்செட் ஹெக்ஸ் 13-னு சொல்லிட்டுப் போகும். அப்பவும் விடாம துரத்தித் திரும்ப இணைக்கிற ஸ்டாக் பயனரை எரிச்சல்படுத்தும்.

பிடிஎஸ் (புளூடூத் தகுதிச் சோதனை மென்பொருள்) கடைசி. விண்டோஸ் மெஷின், டாங்கிள், அப்புறம் உங்க ஐசிஎஸ் பட்டியல். எந்த வசதி உண்டு, எது இல்லைன்னு அந்தப் பட்டியலை நேர்மையா நிரப்புறதுலதான் நேரம் போகும். இல்லாத வசதியை டிக் பண்ணினா அதுக்கான டெஸ்டெல்லாம் வரிசையா விழும், ஸ்டாக் மேல தப்பே இருக்காது.

---

வெற்றுப்பலகை

மூவருக்கும் நன்றி. ஹெச்ஏஎல் சேவையை நிறுத்தி, 'மேக்ஸ்-ஸ்பீட்' 30 லட்சம் என்று எழுதியதும் பூட் டைம்அவுட் போய்விட்டது. -84 இல்லை, ஆனால் -2 வரி இருந்தது. பாதையைத் திருப்பியதும் ஃபர்ம்வேர் ஏறுகிறது, பாட்டு வைஃபை அணைந்திருந்தால் சீராக வருகிறது. கால் ஹெச்சிஐ-க்குத் திருப்பியதும் இரு பக்கமும் கேட்கிறது, பிசிஎம் பிறகு.

மிச்சம் இரண்டு. முகவரி இன்னும் எல்லா யூனிட்டிலும் ஒன்றே. இன்னொன்று புதிது: சில விநாடி சும்மா விட்டால் அடுத்த கமாண்ட் டைம்அவுட் ஆகிறது, அதற்கடுத்தது சரியாகப் போகிறது.

---

யூஆர்ட்வாசி

முகவரி சிப்பில் எரிக்கப்படவில்லை. நீங்கள் பார்ப்பது அந்தச் சிப் வகைக்கான பொது முகவரி. டிரைவர் அதை அடையாளம் கண்டால் கண்ட்ரோலரை 'அன்கான்ஃபிகர்டு' என்று ஒதுக்கி வைக்கும். பூட்லோடரில் யூனிட்டின் முகவரியைப் படித்து, டிவைஸ் ட்ரீயில் 'லோக்கல்-பிடி-அட்ரஸ்' பண்பில் 6 பைட்டாக நிரப்புங்கள், கடைசி பைட் முதலில். நேராக எழுதினால் முகவரி தலைகீழாகத் தெரியும். தற்காலிகத்துக்குப் பிடிஎம்ஜிஎம்டி கருவியின் 'பப்ளிக்-அட்ரஸ்' கட்டளை போதும். பேரிங் சோதனைகளைத் தொடங்கும் முன் இதை முடித்துவிடுங்கள். முகவரி மாறினால் ஹெட்செட்டுக்கு நீங்கள் புதிய ஆள். பழைய பேரிங் எதுவும் செல்லாது. ஒரே முகவரியில் இரண்டு யூனிட்டை ஒரே மேசையில் வைத்துச் சோதித்தால் 'கீ மிஸ்ஸிங்', ஹெக்ஸ் 06, காரணமில்லாமல் வருவதுபோல் தெரியும்.

இரண்டாவது, தூக்கம். டிரைவர் 5 விநாடி சும்மா இருந்தால் யூஆர்ட்டைத் தூங்க வைக்கும். எழுப்ப 'டிவைஸ்-வேக்' பின்னை அசைக்கும். பின்னின் துருவம் டிவைஸ் ட்ரீயில் தலைகீழாக இருந்தால் சிப் முதல் கமாண்டைக் கேட்காது. உறுதி செய்ய, பவர் கண்ட்ரோலில் ஆட்டோசஸ்பெண்டை நிறுத்திப் பாருங்கள். டைம்அவுட் போய்விட்டால் இதுவேதான். ஆக்டிவ்-ஹை, ஆக்டிவ்-லோ மாற்றிய பிறகு 'ஹோஸ்ட்-வேக்' பின்னையும் சரிபாருங்கள். அது தவறாக இருந்தால் திரை அணைந்தபின் ஹெட்செட்டில் பட்டனை அமுக்கினாலும் கருவிக்குத் தெரியாது. இன்டரப்ட் எண்ணிக்கை அமுக்கும்போது ஏறுகிறதா என்று பார்த்தால் போதும்.

---

ஒலிவழி

வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கும்போது மட்டும் பாட்டு தடுமாறினால், வைஃபை பக்கத்து என்விராம் (போர்டு அமைப்புகள்) ஃபைல் உங்கள் போர்டுக்கானதுதானா என்று பாருங்கள். வேறு போர்டின் ஃபைலை நகலெடுத்திருந்தால் ஆன்டெனாப் பகிர்வு அமைப்புகள் பொருந்தாது. அதோடு ஹெட்செட் தானாக வந்து இணைந்த பிறகு கருவி மாஸ்டராக மாறுகிறதா என்று டிரேஸில் 'ரோல் சேஞ்ச்' ஈவென்டைத் தேடுங்கள். கருவி ஸ்லேவாகவே தங்கினால் எப்போது அனுப்புவது என்பது ஹெட்செட்டின் கையில். வைஃபையோடு நேரம் பிரித்துக்கொள்ளச் சிப்பால் முடியாது. புளூஸியில் இணைப்புக் கொள்கையில் ரோல் ஸ்விட்சை அனுமதித்துவிட்டு, ஹெட்செட் தானாக இணையும் நேரத்தை மட்டும் தனியாகச் சோதியுங்கள். நீங்கள் இணைத்தால் நன்றாக ஓடி, அது இணைந்தால் தடுமாறுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.